பழைய நெகட்டிவை கேமராவில் படமெடுக்கும் முறை

மெகாபிக்சல் பற்றிக் கவலை வேண்டாம். காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கோணல்தான். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு பிரேம் வெறும் 24×36 மி.மீ. அவ்வளவு நெருக்கத்தில் கேமரா இம்மி சாய்ந்தாலும் ஒரு மூலை மங்கிவிடும். ஃபிலிம் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் கேமராத் திரையில் நட்டநடுவில் விழும்வரை ட்ரைபாடைத் திருத்துங்கள். ஸ்பிரிட் லெவலைவிட இது துல்லியம்.

1:1 மேக்ரோ லென்ஸ் (பொருளை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் பதிக்கும் லென்ஸ்) இருந்தால் நல்லது. இல்லையென்றால், ஏபிஎஸ்-சி (35 மி.மீ. பிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள) கேமராவில் 50 மி.மீ. லென்ஸும் சுமார் 30 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூபும் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) போதும். ஓரம் கொஞ்சம் மங்கலாம்.

வெளிச்சத்துக்கு சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேற்பட்ட எல்இடி பேனல். அதற்கும் ஃபிலிமுக்கும் நடுவே பால்வெள்ளை அக்ரிலிக், சில சென்டிமீட்டர் இடைவெளியோடு. செல்போன் திரைமேல் நேராக வைத்தால் பிக்சல் புள்ளிகளும் சேர்ந்து பதியும். ஃபிலிமைக் கண்ணாடிக்கிடையில் அழுத்தாதீர்கள். எண்ணெய்ப் படலம் போல வளைய வளையமாக நிறம் விழும். நடுவில் திறப்புள்ள ஹோல்டரே சரி. அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.

தூசியை ரப்பர் புளோயரால் ஊதுங்கள், வாயால் வேண்டாம். நெகட்டிவில் ஒளியை மறைக்கும் தூசி, பாசிட்டிவில் வெள்ளைப் பொட்டாகிவிடும். வினிகர் வாடை அடிக்கும் சுருளைத் தனியே வைத்து, அதை முதலில் படமெடுத்துவிடுங்கள்: அதன் அசிடேட் (ஃபிலிமின் அடித்தளப் பிளாஸ்டிக்) சிதைந்துகொண்டிருக்கிறது, நிற்காது.

மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), 2 நொடி டைமர். எஃப் 16க்குப் போனால் கூர்மை குறையும். படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் பேனல் மினுக்குகிறது என்று அர்த்தம். ஷட்டரை 1/50 நொடி அல்லது அதற்கும் மெதுவாக்குங்கள். ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கி, ஃபிலிமின் குருணையிலேயே பிடியுங்கள். ஃபிலிம் ஓரத்து எழுத்து நேராக வாசிக்க வந்தால் படமும் இடவலம் மாறாமல் இருக்கிறது.

கலர் நெகட்டிவில் ஒரு சுருள் முடியும்வரை எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் தொடாதீர்கள். இரண்டு பிரேமுக்கு நடுவிலுள்ள வெற்று இடத்தையும் ஒரு படம் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில், நெகட்டிவை பாசிட்டிவாக்கும் 'நெகாடாக்டர்' பகுதிக்கு அந்த ஆரஞ்சு நிறத்தை மாதிரியாகக் கொடுத்தால்தான் தோல் நிறம் ஒழுங்காக வரும். வெறுமனே 'இன்வர்ட்' அழுத்தினால் எல்லாருமே நீலம் பூத்துப்போவார்கள்.