செல்லை உடைத்து உள்ளிருப்பதைப் பிரிப்பது எப்படி?

செல் படம் வரைந்து பாகம் குறிக்காதவர் யார்? உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, லைசோசோம் எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். அவற்றைத் தனித்தனிக் குழாயில் எடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? செல்லைப் பக்குவமாக உடைத்து, வரும் கூழைச் சென்ட்ரிஃபியூஜில் வைத்து, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சுழற்ற வேண்டும். பெரியது முதலில் அடியில் படியும். சிறியதைப் படிய வைக்க இன்னும் வேகம் தேவை. ஆல்பர்ட் கிளாட் 1930, 40களில் வளர்த்தெடுத்த வழி இது. அவரும் கிறிஸ்டியன் டி டூவ், ஜார்ஜ் பலாடி இருவரும் 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பழகுவதற்குக் கல்லீரல் நல்லது. மென்மையான திசு, மைட்டோகாண்ட்ரியாவும் ஏராளம்.

1. முதலில் பஃபர், பிறகு ஐஸ்

பஃபர் என்பது பி.எச். எளிதில் மாறாமல் காக்கும் கரைசல். இதில் 0.25 மோலார் சுக்ரோஸ் (சாதாரணச் சர்க்கரை), 10 மில்லிமோலார் டிரிஸ் (பி.எச்.-ஐக் காப்பது இதுதான்), 1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. (மெக்னீசியம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்வது), பி.எச். 7.4. ஒரு லிட்டருக்குச் சுக்ரோஸ் 85.6 கிராம். வெறும் தண்ணீரில் உடைத்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நீர் புகுந்து உப்பி வெடித்துவிடும்; அதைத் தடுக்கத்தான் சர்க்கரை. உங்களுக்கு உட்கருதான் வேண்டுமென்றால் ஈ.டி.டி.ஏ.வை விட்டுவிட்டுக் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு சேருங்கள். மெக்னீசியம் இல்லாவிட்டால் உட்கரு எளிதில் சிதையும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. டிரிஸ் குளிரக் குளிர அதன் பி.எச். ஏறும். 25 டிகிரியில் 7.4 என்று வைத்தது 4 டிகிரியில் ஏறக்குறைய 8 ஆகிவிடும். குளிர வைத்த பிறகே அளந்து சரிசெய்யுங்கள்.

பஃபர், குழாய், ரோட்டர் (சென்ட்ரிஃபியூஜில் குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதி) எல்லாமே 4 டிகிரியில் இருக்கட்டும். செல் உடைந்ததுமே புரதத்தைச் செரிக்கும் நொதிகளும் வெளியே வந்துவிடும். அவற்றை மந்தமாக்குவது குளிர்தான்.

2. உடைத்தல்

பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. திசுவைக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, இரத்தம் போகும்வரை பஃபரில் அலசுங்கள். 1 கிராமுக்கு 9 மில்லி பஃபர் ஊற்றி, டெஃப்லான் உலக்கை உள்ள கண்ணாடி ஹோமோஜினைசரில் போடுங்கள். ஐந்தாறு முறை மேலும் கீழும் போய்வந்தால் போதும். உலக்கையை வெடுக்கென்று மேலே இழுக்காதீர்கள். காற்று புகுந்து நுரைக்கும், நுரையில் புரதம் கெடும்.

எப்போது நிறுத்துவது? ஒரு சொட்டை டிரிபான் நீலம் என்ற சாயத்தோடு கலந்து நுண்ணோக்கியில் பாருங்கள். உடைந்த செல்லின் உட்கரு நீலமாகும், உடையாத செல் நிறமேறாது. பெரும்பாலானவை உடைந்திருந்தால் நிறுத்திவிடலாம். அளவுக்கு மீறினால் கூழே காட்டிக்கொடுக்கும்: கொழகொழவென்று நூல் இழுக்கும். உட்கரு உடைந்து டி.என்.ஏ. வெளியே வந்துவிட்டது என்று பொருள். அதை வைத்துக்கொண்டு மேலே போவதைவிடப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

அப்புறம், மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இந்தக் கூழில் ஒரு பங்கைத் தனியே எடுத்து ஐஸில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

3. சுழற்றுதல்

செய்முறைகளில் 'ஜி' (புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு விசை) என்று போட்டிருக்கும், சில கருவிகளில் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும்தான் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. நான் முதல்முறை 1,000 ஜி-க்குப் பதில் 1,000 ஆர்.பி.எம். வைத்தேன். 8 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் அது வெறும் 89 ஜி. உட்கரு பெரும்பாலும் மேலேயே நின்று, அடுத்த சுற்றில் மைட்டோகாண்ட்ரியாவோடு சேர்ந்து படிந்தது. ஒரு நாள் உழைப்பு போச்சு. கணக்கு இதுதான்:

ஜி = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்.பி.எம். × ஆர்.பி.எம்.

அதே ரோட்டரில் 1,000 ஜி-க்கு ஏறக்குறைய 3,340 ஆர்.பி.எம். வேண்டும்.

எதிரெதிர்க் குழாய்களைக் கண்ணளவில் சமன்செய்யாமல் தராசில் வைத்துச் சமன்செய்யுங்கள். இதில் சோம்பல் கூடவே கூடாது.

- 1,000 ஜி, 10 நிமிடம்: உட்கருவும் உடையாத செல்களும் படியும்.
- மேலே நிற்கும் நீரை வேறு குழாய்க்கு மாற்றி 10,000 ஜி, 15 நிமிடம்: பழுப்பு நிற வண்டல். மைட்டோகாண்ட்ரியா, லைசோசோம், பெராக்சிசோம் (இதுவும் ஒரு சின்னச் சவ்வுப்பை) மூன்றும் இதில் இருக்கும்.
- மறுபடி மேல்நீரை எடுத்து 100,000 ஜி, 1 மணி நேரம்: மைக்ரோசோம். இதற்கு அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் வேண்டும். உயிருள்ள செல்லில் மைக்ரோசோம் என்று எதுவும் கிடையாது. எண்டோபிளாச வலை துண்டுதுண்டாகி, ஒவ்வொரு துண்டும் வாய் மூடிக் குமிழானதுதான் அது.
- மிச்சமுள்ள நீர் சைட்டோசால், அதாவது செல்லுக்குள் உள்ள நீர்மப் பகுதி.

ஒவ்வொரு வண்டலையும் புதிய பஃபரில் மெதுவாகக் கலக்கி அதே வேகத்தில் இன்னொரு முறை சுழற்றுங்கள். ஒட்டி வந்ததில் ஒரு பகுதி போகும். எந்த மேல்நீரையும் கொட்டிவிடாதீர்கள்.

4. கிடைத்தது எது?

வண்டலைக் கண்ணால் பார்த்து 'இது மைட்டோகாண்ட்ரியா' என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு பாகத்துக்கும் அடையாளமான நொதியை அளந்துதான் சொல்ல வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சக்சினேட் டிஹைட்ரஜனேஸ், லைசோசோமுக்கு அமில பாஸ்பட்டேஸ், பெராக்சிசோமுக்குக் கேட்டலேஸ், எண்டோபிளாச வலைக்குக் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ், சைட்டோசாலுக்கு லாக்டேட் டிஹைட்ரஜனேஸ். எல்லாப் பகுதிகளிலும் அளந்து கூட்டினால், தனியே எடுத்துவைத்த கூழின் அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். பாதிதான் வருகிறதென்றால் எங்கோ கொட்டியிருக்கிறீர்கள், அல்லது நொதி செத்துவிட்டது.

ஒத்துவராத எண்ணை உடனே குப்பையில் போடவும் வேண்டாம். டி டூவ் குழுவினருக்குப் புதிய கூழில் அமில பாஸ்பட்டேஸ் மிகக் குறைவாகவே தெரிந்தது. சில நாள் குளிர்பெட்டியில் கிடந்த அதே கூழில் எகிறியிருந்தது. நொதி ஏதோ ஒரு சவ்வுப்பைக்குள் அடைபட்டிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பைக்குத்தான் 1955இல் லைசோசோம் என்று பெயர் வைத்தார்கள்.

5. இன்னும் சுத்தமாக வேண்டுமா?

இரண்டாவது வண்டலில் உள்ள மூன்றையும் வேகத்தால் மட்டும் பிரிக்க முடியாது, அளவில் நெருங்கியவை. அடியில் அடர்த்தி அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருக்கும்படி குழாயில் சுக்ரோஸ் அடுக்கி, அதன்மேல் வண்டலைக் கலக்கி ஊற்றி, நெடுநேரம் அதிவேகத்தில் சுழற்ற வேண்டும். மில்லிக்கு 1.19 கிராம் அடர்த்தியருகே மைட்டோகாண்ட்ரியாவும், 1.21 அருகே லைசோசோமும், 1.23 அருகே பெராக்சிசோமும் நிற்கும். இடைவெளி மெலிதானது, அதனால் ஓரத்தில் கொஞ்சம் கலப்பு இருக்கத்தான் செய்யும்.

மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை அளக்கப்போகிறீர்கள் என்றால் அன்றைக்கே அளந்துவிடுங்கள். உறைந்தால் சவ்வு கிழியும். புரதம் மட்டும் போதுமென்றால் சிறுசிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம். குழாயில் பகுதியின் பெயரையும் தேதியையும் எழுத மறக்காதீர்கள். உறைந்த பிறகு எல்லாக் குழாயும் ஒரே மாதிரிதான் இருக்கும்.