பழைய பாணியில் கிறிஸ்துமஸ் வீடு: மூங்கில் ஸ்டார், வைக்கோல் குடில், சவுக்குக் கிளை

பழைய கிறிஸ்துமஸ் அலங்காரம் என்றால் மூங்கில், வண்ணத்தாள், வைக்கோல், மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான். பிளாஸ்டிக் மாலையையும் ஓடி ஓடி மின்னும் சீரியல் லைட்டையும் இதோடு கலந்தால் இரண்டுமே எடுபடாது. குமரி மாவட்டத்தில் இதற்கு முதல் எதிரி ஈரம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக விட்டிருக்காது. தாளும் பசையும் அதைத் தாங்குகிற மாதிரி வேலை செய்ய வேண்டும்.

அதிக உழைப்பை ஸ்டாருக்கே கொடுங்கள். தெருவில் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மூன்றடி ஸ்டாருக்கு 37 அங்குல நீளத்தில் 10 மூங்கில் பிளாச்சு (பிளந்து சீவிய பட்டை) வேண்டும். அகலம் அரை அங்குலத்துக்குள், கனம் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இவை தவிர 8 அங்குலத்தில் 5 குச்சிகள். கமுகம் பிளாச்சும் ஆகும். கடையில் விற்கும் மரச்சட்டம் ஆகாது: நடுவில் குச்சி கொடுத்து உப்ப வைக்கும்போது வளையாமல் முறிந்துவிடும். மூங்கிலை ஒரு வாரம் தண்ணீரில் ஊறப் போட்டு, நிழலில் உலர்த்திச் சீவுங்கள். ஊறும்போது அதிலுள்ள மாவுச்சத்து வெளியேறிவிடும்; துளைக்கும் வண்டு வருவது அந்த மாவுக்காகத்தான்.

ஸ்டார் கோணலாவது கண் அளவில் கட்டுவதால். ஒவ்வொரு பிளாச்சிலும் இரு முனையிலும் அரை அங்குலம் கட்டுக்கு விட்டுவிடுங்கள். அந்தக் கட்டுப் புள்ளியிலிருந்து உள்ளே 13¾ அங்குலத்தில் இரு பக்கமும் பென்சில் குறி. நடுவில் 8½ அங்குலம் மிஞ்சும். கை எடுக்காமல் நட்சத்திரம் வரைவது போல ஐந்து பிளாச்சை அடுக்கி, குறியின் மேல் குறி வரும்படி வையுங்கள். ஒவ்வொரு பிளாச்சும் ஒரு குறியில் மேலேயும் அடுத்த குறியில் கீழேயும் போக வேண்டும். குறிகள் பொருந்தினால் ஐந்து கையும் தானாகவே ஒரே அளவில் நிற்கும். குறிகள் பொருந்தும் இடங்களையும் ஐந்து முனைகளையும் சணல் நூலால் இறுக்குங்கள்.

இப்படி இரண்டு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து முதலில் ஐந்து முனைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு 8 அங்குலக் குச்சிகளின் இரு நுனியிலும் சின்ன வெட்டுப் போட்டு, உள்ளே குறிகள் சந்திக்கும் ஐந்து இடங்களிலும் நிறுத்திக் கட்டுங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை முழுதாக நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். ஒன்று விட்டு ஒன்றாகப் போங்கள்.

ஒட்ட வேண்டியவை 22 துண்டுகள்: முன்னும் பின்னுமாகக் கைகளுக்கு 10 முக்கோணம், கைகளின் பக்கவாட்டில் 10, நடு ஐங்கோணம் 2. 20-க்கு 30 அங்குல வண்ணத்தாளில் ஒன்றுக்கு ஆறு முக்கோணம் வெட்டலாம். ஒரு தாளில் இரண்டு ஐங்கோணமும் அடங்கும். ஆக 5 தாள். கிழிசலுக்கு ஒன்று சேர்த்து 6 வாங்குங்கள். தாளைச் சட்டத்தின் மேல் வைத்து அளந்த பிறகே வெட்டுங்கள், மடிப்புக்குச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு.

பசைக்கு 100 கிராம் மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 600 மில்லி தண்ணீர் ஆகும்படி ஊற்றி, கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். பளபளப்பு வந்ததும் இறக்கி, ஒரு சிட்டிகை துரிசு (மயில்துத்தம்) சேர்த்தால் கரப்பானும் பூஞ்சையும் அண்டாது. துரிசு விஷம். குழந்தைகள் கையில் படக்கூடாது. பசை காய்ச்சிய பாத்திரம் மறுபடி சமையலுக்குப் போகக்கூடாது. பிளாஸ்டிக் கண்ணாடித் தாளில் மைதாப் பசை பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாளை இழுத்து ஒட்ட வேண்டாம். சற்றுத் தளர்வாக ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்தபின் லேசாகத் தண்ணீரைப் புகைபோலத் தெளித்தால், உலரும்போது தாள் தானே இறுகும். அதிகம் தெளித்தால் சாயம் ஓடும். நனைந்த சிவப்புத் தாளின் சொட்டு வெள்ளையடித்த சுவரில் பட்டால் போகாது. எனவே ஸ்டாரை இறவாரத்துக்கு உள்ளே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளித் தொங்கவிடுங்கள்.

பின்பக்க ஐங்கோணத்தில் மூன்று ஓரங்களை மட்டும் ஒட்டினால், மீதி இடம் பல்பு மாட்டும் வாசலாகும். 5 முதல் 7 வாட் மஞ்சள் எல்.இ.டி. போதும், பழைய குண்டு பல்பின் சூட்டில் தாள் கருகும். பல்பு நட்டநடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கக் கைகள் இருண்டு போகும். ஒயர் ஸ்டாருக்குள் நுழையும் முன் கீழே தொய்ந்து மேலேறட்டும். மழைத்தண்ணீர் ஹோல்டருக்குள் வழியாமல் அந்தத் தொய்வில் சொட்டிவிடும். முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் கீழ் முனையிலிருந்தும் ஒரு கயிறு தூணுக்குப் போகட்டும். இல்லையென்றால் காற்றில் சுழன்று சுழன்று கட்டு அறும்.

இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடிலுக்கு வருவோம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, மாடு, கழுதை. நம் குடிலுக்கும் அதுவே மையம். அருவியும் பாலமும் பொம்மைக் காரும் அதை மறைக்கின்றன.

குடிலில் பசும்பயிர் வைக்க, டிசம்பர் 12 வாக்கில் நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி, முளை தெரிந்ததும் ஓட்டையிட்ட தட்டில் ஓரங்குல மணல் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். கிறிஸ்துமஸுக்குள் மூன்று நான்கு அங்குலப் பயிர் நிற்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி நாறும், தெளித்தால் போதும். இருட்டு மூலையில் வைத்தால் வெளிறிவிடும். காலை வெயில் கிடைக்கட்டும்.

சொரூபம் (குடிலில் வைக்கும் சிலை) 6 அங்குலம் என்றால் குடிலின் வாசல் 9 அங்குலமாவது இருக்க வேண்டும். கூரைக்குப் பனையோலையை மேல்வரிசை கீழ்வரிசையின் பாதியை மூடும்படி அடுக்குங்கள். பாறைக்குப் பழுப்புத் தாளைக் கசக்கி விரித்து, நீர்த்த பசையில் செம்மண்ணும் கரித்தூளும் கலந்து பூசி, ஈரத்தோடே மறுபடி கசக்கி நிறுத்தினால் மடிப்புகளில் நிழல் தங்கும். பல்பு கூரைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல். குழந்தை இயேசுவை 24-ஆம் தேதி நள்ளிரவில்தான் வைப்பது. ஞானிகள் மூவரையும் அறையின் தூர மூலையிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6 திருக்காட்சி விழாவன்று குடிலுக்குக் கொண்டுவரலாம்.

கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கிளையே அழகு. 22 அல்லது 23-இல் வெட்டி, செங்கல்லும் ஈர மணலும் போட்ட வாளியில் நடுங்கள். பஞ்சு, வண்ணத்தாள் சுற்றிய தீப்பெட்டிகள், இருந்தால் பழைய வாழ்த்து அட்டைகள் போதும். பஞ்சு இருக்கும் மரத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம். கிரேப் தாள் தோரணத்தை மூலைக்கு மூலை நடுவில் இழுக்காதீர்கள். நடுவில் ஃபேன் இருக்கிறது. ஈரண்டு அங்குல அகலத்தில் இரு நிறத்தை முறுக்கி, சுவரை ஒட்டியே கட்டுங்கள்.

திருக்காட்சி முடிந்ததும் ஸ்டாரின் தாளை நனைத்து உரித்துவிட்டு, சட்டத்தை வெயிலில் காயவைத்து ஆணியில் மாட்டுங்கள். சொரூபங்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றுங்கள். வைக்கோலை மட்டும் சேர்த்து வைக்க வேண்டாம், எலி வரும், மாட்டுக்குப் போட்டுவிடலாம்.