மா மெசின் வாங்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டிலேயே மாவும் தூளும் அரைத்து விற்கத் தொடங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விசயம். ஆனால் மெசின் திருத்துகிற என்னை வாங்கின பிறகுதான் கூப்பிடுகிறார்கள். ஓடும் மெசினுக்குள் கை விடக்கூடாது, பெல்ட்டுக்கு மூடி வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

ஊறின அரிசிக்குச் சல்லடை மெசின்

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். காசும் போகும், தொடங்கின தொழிலும் நின்றுபோகும்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஓர் அக்கா குழுக்கடன் எடுத்து மெசின் வாங்கினார். கடையில் காய்ந்த மிளகாயை ஒரு பிடி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கண் மூடித் திறக்க முதல் தூள். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊறவைத்து வடித்த பச்சையரிசியைப் போட்டதும் சத்தம் மாறி, மோட்டர் கொதித்து, மா வருவது நின்றுவிட்டது.

"தம்பி, மோட்டர் பிழையோ?"

"இல்லையக்கா, மோட்டர் நல்லம். மெசின்தான் உங்கட அரிசிக்குச் சரிவராது."

கழற்றிப் பார்த்தால், சல்லடையின் ஓட்டைகள் எல்லாம் வெள்ளைக் களியால் அடைபட்டிருந்தன. நகத்தால் சுரண்டினால் தகடு தகடாகக் கழன்றது.

விசயம் இதுதான். சல்லடை மெசினுக்குள் இரும்புத் துண்டுகள் வேகமாகச் சுழன்று தானியத்தை அடிக்கும். சல்லடை ஓட்டையை விடச் சிறிதானால்தான் மா வெளியே வரும். ஈரமா அந்த ஓட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். தட்டு மெசினில் அப்படியில்லை. ஒரு தட்டு அசையாமல் நிற்க, மற்றது சுழலும். நடுவில் அரைபட்ட மா ஓரத்தால் விழும். அடைபடச் சல்லடையே இல்லை. மாவின் பதத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம்.

வாங்கின பிறகு ஆட்கள் இரண்டு வழி தேடுவார்கள். பெரிய ஓட்டைச் சல்லடை போட்டால் குறுணிதான் வரும். அரிசியைக் காயவைத்து அரைத்தால் மெசின் ஓடும், மா கெடும். காய்ந்த அரிசியை அடிக்கும்போது சூடு ஏறும், மாச்சத்து மணிகள் கூடுதலாக உடையும். ஊறின அரிசி மெதுவாக உடைவதால் மா மென்மையாக வரும். இடியப்பத்துக்கு அந்த மென்மைதான் வேண்டும். மற்றதைப் பிழிந்தால் அறுந்து அறுந்து விழும். ஒருமுறை வாங்கின ஆள் மறுமுறை உங்களிடம் வரமாட்டார்.

சல்லடை மெசின் கூடாத மெசின் இல்லை. மிளகாய், வறுத்த மல்லி, குரக்கன், சிறிதாக உடைத்த ஒடியல் என்று காய்ந்த சாமான் எல்லாவற்றுக்கும் அது நல்லது. நீங்கள் எதை அரைத்து விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இடியப்ப மா, புட்டு மா என்றால் ஊறவைத்து வடித்த அரிசியைக் கடைக்கே கொண்டுபோங்கள். நாலைந்து கிலோவாவது போட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஒரு பிடியில் ஒன்றும் தெரியாது. மாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மிளகாயும் அரிசியும் ஒரே மெசினில்

வேண்டாம். எவ்வளவு துடைத்தாலும் புட்டு உறைக்கும்.

குதிரை வலுவைப் பார்த்து மயங்குவது

ஒரு குதிரை வலு 746 வாட். 5 குதிரை வலு மோட்டர் என்றால் 3.7 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். தொடங்கும் நேரம் கறண்ட், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு ஏறும். பெரிய மோட்டர்கள் பல 400 வோல்ட் த்ரீ பேஸில் ஓடுபவை. சாதாரண வீட்டு இணைப்போ 230 வோல்ட் சிங்கிள் பேஸ். லைன் முடிகிற இடத்து வீடுகளில் பின்னேரம் வோல்ட் விழும்போது மோட்டர் சுழல முடியாமல் உறுமும். உடனே நிறுத்தாவிட்டால் கொயில் எரிந்துவிடும். வீட்டு விற்பனைக்கு 2 அல்லது 3 குதிரை வலு காணும்.

எள்ளு, கச்சான்

இரண்டு மெசினிலும் போடாதீர்கள். எண்ணெய் விட்டுக் களியாகும்.

தட்டை இறுக்கி வெறுமையாக ஓட்டுவது

தானியம் விழாத நேரம் இரும்பும் இரும்பும் உரசி, அந்தப் பொடி மாவுக்குள் போகும். முதலில் தட்டைத் தளர்த்தி மோட்டரைப் போடுங்கள். அரிசி விழத் தொடங்கின பிறகு இறுக்குங்கள். புதுத் தட்டு போட்டால் முதலில் கொஞ்சம் மலிவு அரிசியை அரைத்து வீசுங்கள். அது சாம்பல் நிறமாக வரும். அப்புறம், தட்டு தேய்கிற சாமான். அந்த அளவுத் தட்டு கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்குமா என்று கேட்காமல் மெசினுக்கு முற்பணம் கட்டாதீர்கள்.