ஐஇஎல்டிஎஸ்: கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் தேர்வுதான் ஐஇஎல்டிஎஸ். அதற்கு முதல் வேலை கோச்சிங் சென்டர் தேடுவது இல்லை. நீங்கள் சேர நினைக்கும் படிப்பின் இணையப் பக்கத்தைத் திறந்து எவ்வளவு பேண்ட் (இந்தத் தேர்வின் மதிப்பெண்) கேட்கிறார்கள் என்று பாருங்கள். 'மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6.0க்குக் குறையக் கூடாது' என்று பல இடங்களில் இரண்டு நிபந்தனை இருக்கும். இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டு, மொத்தம் 6.5 வந்தும் ரைட்டிங்கில் 5.5 என்பதால் திரும்பவும் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு என்றால் அகாடமிக் தேர்வு. பதிவு செய்யும்போது, வேலைக்கும் குடியேற்றத்துக்குமான ஜெனரல் டிரெய்னிங்கைத் தட்டிவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு முழு மாதிரித் தேர்வை நடுவில் எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள்: லிஸனிங் சுமார் 30 நிமிடம், ரீடிங் 60, ரைட்டிங் 60. எங்கே அடி வாங்குகிறோம் என்று அன்றைக்கே தெரிந்துவிடும், அதற்கப்புறம் கோச்சிங் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

லிஸனிங்கில் 40 கேள்வி, ஆடியோ ஒரே ஒரு தடவைதான் ஓடும். நம்மவர்கள் இங்கே மார்க்கை விடுவது பெரும்பாலும் ஒரு 'எஸ்' எழுத்தில்தான். தமிழில் 'மூணு டிக்கெட் குடுங்க' என்றால் போதும், 'டிக்கெட்டுகள்' என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் ஆடியோவில் 'டிக்கெட்ஸ்' என்று தெளிவாகச் சொன்னாலும் கை 'டிக்கெட்' என்று எழுதிவிடுகிறது, அந்த விடை தப்பாகப் போய்விடும். ஸ்பெல்லிங் பிழைக்கும் இதே கதிதான். பயிற்சி செய்யும்போது விடையைத் திருத்துவதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் பாருங்கள்.

ரீடிங்கில் மூன்று பத்தித் தொகுப்பு, இங்கேயும் 40 கேள்வி. ட்ரூ (சரி), ஃபால்ஸ் (தவறு), நாட் கிவன் (பத்தியில் சொல்லவில்லை) என்று விடை எழுதும் கேள்விகள்தான் பலரையும் கவிழ்ப்பது. '1920இல் அந்த ஊருக்கு ரயில் வந்தது' என்று பத்தியில் இருக்கிறது, கேள்வியில் 'ரயில் வந்ததை ஊர் மக்கள் வரவேற்றார்கள்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்றிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றும், ஆனால் பத்தி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதனால் நாட் கிவன். பத்தி நேர் எதிராகச் சொன்னால் மட்டுமே ஃபால்ஸ். உங்கள் பொது அறிவை அந்த ஒரு மணி நேரம் ஓரமாக வையுங்கள்.

ரைட்டிங்குக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். டாஸ்க் 1இல் வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்துக் குறைந்தது 150 சொல், டாஸ்க் 2இல் குறைந்தது 250 சொல்லில் கட்டுரை. இரண்டாவதற்கு இரண்டு மடங்கு மதிப்பு என்பதால் அதற்கு 40 நிமிடம் முழுசாக வேண்டும். மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யாதீர்கள், தேர்வாளர்களுக்கு அது தெரிந்துவிடும். வாரத்துக்கு மூன்று கட்டுரை கடிகாரம் வைத்து எழுதி, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி, அதே கட்டுரையைத் திரும்ப எழுதுங்கள். திரும்ப எழுதுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் கை பழகுவது அதில்தான். 'எ' (a), 'த' (the) என்ற சின்னச் சொற்கள் நமக்கு விட்டுப்போகும், தமிழில் அவை கட்டாயம் இல்லையே. கடைசி மூன்று நிமிடத்தை அவற்றைத் தேடவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம், எதிரில் ஒருவரோடு பேசுவது. இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு கொடுத்து, குறிப்பெடுக்க ஒரு நிமிடம் தந்து, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். தினம் ஒரு தலைப்பைப் போனில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பு யாரும் கேட்கவில்லை, புரிகிற மாதிரி தடுமாறாமல் பேசினால் போதும்.

மொத்த பேண்ட் என்பது நான்கு பிரிவுகளின் சராசரி. 6.5, 6.5, 6.0, 6.0 எடுத்தால் சராசரி 6.25, அதை 6.5 ஆக்கிவிடுவார்கள், அதில் ஒரு 6.0 மட்டும் 5.5 ஆனால் சராசரி 6.125, மொத்தம் 6.0தான். பலவீனமான பிரிவில் அரை பேண்ட் ஏற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும், எனவே ரொம்ப முன்னாலேயே எழுத வேண்டாம். இந்தியாவில் எழுதுகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்தான் அடையாள ஆவணம். கையில் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.