ஒருவரின் உலகப் பார்வையைத் தாளில் வரைவது எப்படி?

ஒரு சார்ட் தாள், பென்சில், அழிப்பான், 20 துண்டுச் சீட்டு. இவ்வளவுதான் வேண்டும்.

முதலில் அவரைப் பேசவிடுங்கள். சீட்டுக்கு ஒரு வாக்கியம், அதுவும் அவர் சொன்ன சொல்லிலேயே. 'மரபு', 'இயற்கை' என்று ஒற்றைச் சொல்லாக எழுதிவைத்தால் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மண்டபம், பாம்பன் பக்கம் நாட்டுப்படகுக்காரர்களிடம் கேட்டால் இந்த மாதிரி வரும்:

'வாடை அடிச்சா வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாக் கெடக்கும்.' (வாடை என்பது வடக்கிலிருந்து வரும் காற்று; வடகடல் பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா.)
'இழுவைமடி தரையைச் சொரண்டுது.' (விசைப்படகு கடலடியில் இழுத்துச்செல்லும் வலை.)
'குஞ்சு மீனை அள்ளுனா நாளைக்கு மீன் இல்ல.'
'கடலுக்கு யாரும் பட்டா வாங்கல.'
'கடல் நமக்குத் தாய்.'

பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு கேள்வி. 'ஏன் அப்படிச் சொல்றீங்க?' என்றால் தாங்குகிற சீட்டு கிடைக்கும். 'அதனால என்ன செய்வீங்க?' என்றால் தாங்கப்படுவது. தாங்குவதிலிருந்து தாங்கப்படுவதற்கு அம்புக்குறி போடுங்கள். அது ஒன்றுதான் ஆதாரம் என்றால் தடித்த கோடு, பலவற்றில் ஒன்று என்றால் மெல்லிய கோடு.

அடுத்தது சோதனை. ஒரு சீட்டைக் கவிழ்த்துவிட்டு, 'இது தப்புன்னு வச்சுக்குவோம், வேற எது மாறும்?' என்று கேளுங்கள். வாடைச் சீட்டை அவர் லேசில் விடமாட்டார். தென்கடலும் ஒருநாள் கொந்தளித்தால் 'காலம் தப்பி அடிக்குது' என்பார். அதிகம் எதையும் தாங்காத ஓரத்துச் சீட்டு ஒன்று திருத்தப்படும், பலவற்றைத் தாங்கும் நடுச்சீட்டு அப்படியே நிற்கும். அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1951-இல் வாதிட்டதும் இதைத்தான்: அனுபவத்தின் முன் எந்த வாக்கியமும் தனியாக நிற்பதில்லை, மொத்தமும் சேர்ந்தே நிற்கிறது.

பலரும் சறுக்குவது 'தாய்' சீட்டில். கேட்க உயர்வாக இருக்கிறதே என்று நடுவில் ஒட்டிவிடுவார்கள். கவிழ்த்துப் பார்த்தால் சிலருக்கு ஒன்றுமே அசையாது. எது நடு என்பதை அதிலிருந்து புறப்படும் அம்புகளின் எண்ணிக்கைதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, சின்ன வட்டம். மீன் குறைந்ததற்கு இழுவைமடி காரணம்; இழுவைமடி கெடுதல், ஏனென்றால் மீன் குறைந்தது. இரண்டே சீட்டு ஒன்றையொன்று தாங்கினால் மூன்றாவதைக் கேளுங்கள். மடியில் கடற்புல்லும் குஞ்சும் சேர்ந்து ஏறுவதைச் சொன்னால் அது வெளி ஆதாரம்.

சீட்டு ஒன்றாக இருப்பதால் பார்வையும் ஒன்று என்று எண்ணவேண்டாம். மீன் இனப்பெருக்கத்துக்காக ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. குஞ்சு மீன் சீட்டு இரு தரப்பிடமும் இருக்கும். நாட்டுப்படகுக்காரருக்கு அது 'இழுவைமடியே வேண்டாம்' என்பதற்குப் போகலாம், விசைப்படகுக்காரருக்கு 'தடைக்கால நிவாரணத்தைக் கூட்டுங்க' என்பதற்கு. பாசி எடுக்கும் பெண்களை விட்டுவிடாதீர்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா வந்து, அங்கே போகக் கட்டுப்பாடு வந்தபின், 'பட்டா' சீட்டு நேராக முட்டுவது அவர்களின் பிழைப்பில்தான்.

ஆளுக்கு ஒரு புதுத் தாள். முதல் தாளை அடுத்தவருக்குக் காட்டினால் அதிலுள்ள கோடுகளையே அவரும் சொல்லிவிடுவார்.