ஆடி முடித்தவர் கோச் ஆவது எப்படி: மண்டபத்து வாலிபால்காரன் ஒருவனின் யோசனைகள்

நம் கரையில் வாலிபால் ஆடி முடித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முட்டி போகும், கல்யாணம் ஆகும், படகு வாங்குவார்கள், ஆட்டம் நின்றுவிடும். அப்புறம் சாயங்காலம் கிரவுண்டு ஓரத்தில் நின்று பையன்களைத் திட்டுவதோடு சரி. திட்டுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு மாற நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். செட்டராக, அதாவது ஸ்மாஷுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கிறவனாக, ஆடினவன். இப்போது பையன்கள் ஒரு செட், பெண்பிள்ளைகள் ஒரு செட் என்று பழக்குகிறேன்.

இதில் எனக்கு முன்மாதிரி ஒரு பின்லாந்துக்காரர். அவர் வாலிபால்காரர்கூட இல்லை, ஐஸ் ஹாக்கிக்காரர். சிரிக்க வேண்டாம், காரணம் காலண்டர்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஐஸ் கேட்டு ஒருவரும் வரமாட்டார். ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும். ஐரோப்பாவில் சாயங்காலம் தொடங்கும் ஆட்டம் நமக்கு ராத்திரி. வேலையில்லாத ஐஸ் கம்பெனிக்காரன் செல்போனில் வேறு எதைப் பார்ப்பான்?

அவர் பெயர் யூக்கா யாலொனென். 1962இல் ரீஹிமாக்கி என்ற ஊரில் பிறந்தவர். ஆட்டக்காரராக அவருக்குப் பெரிய பெயர் கிடையாது. வட அமெரிக்காவில் கோடிக் கணக்கில் பணம் புழங்கும் என்.எச்.எல். லீக்கில் அவர் ஆடியதே இல்லை. கோச் ஆன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2006இல் எச்.பி.கே. என்ற அணிக்கு முதல் தடவையாகப் பின்லாந்து லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2008இல் தேசிய அணி கைக்கு வந்தது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2011 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஸ்வீடனை 6-1 என்று அடித்தார்கள். அடுத்த இரண்டு வருடமும் நான்காம் இடம்தான். அதில் 2012 போட்டி சொந்த நாட்டு ஹெல்சிங்கியில் வேறு நடந்தது. நம் ஊராக இருந்தால் அன்றைக்கே ஆளை மாற்றியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ரஷ்யாவில் ஒரு பெரிய கிளப்புக்குக் கோச்சாக இருந்துவிட்டு, பின்லாந்தின் 20 வயதுக்கு உட்பட்டோர் அணியை ஏற்றுக்கொண்டார். பெரியவர்களோடு உலகப் பட்டம் வாங்கின மனிதர், சின்னப் பையன்களிடம் போகிறோமே என்று நினைக்கவில்லை. 2016இல் அவர்களும் உலக சாம்பியன். 2018இல் மறுபடி தேசிய அணி, 2019இல் உலகப் பட்டம். 2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் ரஷ்யர்களை 2-1 என்று வென்று ஒலிம்பிக் தங்கம். ஐஸ் ஹாக்கியில் பின்லாந்துக்கு அதுதான் முதல் தங்கம். அதே வருடம் மே மாதம் பின்லாந்தின் தாம்பரே நகரில் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் கனடாவை ஓவர்டைமில் 4-3 என்று வென்றார்கள். 2024இல் பொறுப்பைவிட்டு இறங்கினார்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம்.

முதல் வேலை, கோர்ட்டைவிட்டு வெளியே வருவது. இதுதான் ரொம்பக் கஷ்டம். பிராக்டிஸுக்கு ஒரு ஆள் குறையும், "மாமா, நீங்க ஒரு கை நில்லுங்க" என்பார்கள். நிற்காதீர்கள். ஐந்து பேர் இருந்தால் மூன்றுக்கு இரண்டு பிரித்து ஆடவிடுங்கள். உள்ளே நின்றால் உங்கள் கண் பந்தோடு போய்விடும். பந்தைத் தொடாத மற்ற ஐந்து பேர் எங்கே நிற்கிறார்கள் என்பது வெளியே இருந்தால்தான் தெரியும். நெட் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பதும் வேண்டாம். அங்கே ஸ்மாஷ் மட்டும்தான் கண்ணில் படும். எண்ட் லைனுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அணியின் ஓட்டை எல்லாம் அங்கிருந்து தெரியும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதிரணி சர்வீஸை நம் ஆள் வாங்கும் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு எண் போடுங்கள். செட்டர் நின்ற இடத்திலிருந்தே எந்தப் பக்கமும் தூக்கிக் கொடுக்க முடிந்தால் 3. நகர்ந்துபோய் இரண்டு பக்கம் கொடுக்க முடிந்தால் 2. ஓடிப்போய் ஒரே பக்கம்தான் தூக்க முடிந்தால் 1. பந்து போய்விட்டால் 0. பத்து சர்வீஸ் வாங்கினவனுக்குக் கூட்டினால் 20 வந்தது என்றால் நல்ல கை. 12, 13 என்று நின்றால் அடுத்த வாரம் முழுக்க அவனுக்கு அந்த ஒரு வேலைதான். ஆரம்பத்தில் பையன்கள் நோட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் ஆட்டம் முடிந்ததும் அவர்களே வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அடுத்தது ஆளுக்கு வேலை பிரிப்பது. 2019இல் யாலொனென் கொண்டுபோன அணியில் என்.எச்.எல். நட்சத்திரம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கேப்டன் மார்க்கோ அன்ட்டிலா 2 மீட்டருக்கு மேல் உயரம், அப்போது 33 வயது, அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். அரையிறுதியில் ரஷ்யாவை வென்ற ஒரே கோல் அவருடையது. இறுதியில் கனடாவை 3-1 என்று வென்றபோது அதில் இரண்டு கோல் அவர் போட்டது. அந்த உயரத்தை வைத்துக்கொண்டு கோலுக்கு முன்னால் நின்று இடைஞ்சல் கொடுப்பதும் அவர் வேலை. யாரும் அவரை வேகமாக ஓடும் ஆளாக மாற்றப் பார்க்கவில்லை. நம் ஊரில் எல்லாருக்கும் ஸ்மாஷ் அடிக்க வேண்டும். தரையோடு படுத்துப் பந்து எடுக்கிற குட்டைப் பையனிடம், "நீ லிபரோ, பின்வரிசையில் பந்து எடுக்கிற ஆள், உன் வேலை இதுதான், இதில் உனக்குமேல் ஆள் இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிப் பாருங்கள். ஸ்மாஷ் ஆசை போகாது, ஆனால் இடத்தைவிட்டு நகரமாட்டான்.

எல்லாவற்றையும் நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. உர்போ யூலொனென் என்று இன்னொரு பின்லாந்துக்காரர். பெயர் குழப்பும், உர்போ என்று வைத்துக்கொள்வோம். 1970 உலக சாம்பியன்ஷிப்பில் சிறந்த கோல்கீப்பர் என்று தேர்வானவர். ஆடி முடித்ததும் துர்க்கு நகரத்தில் கோல்கீப்பர்களை மட்டும் பழக்கினார், பல வருடம். அவரிடம் பழகின மீக்கா கிப்ருசாஃப் 2006இல் என்.எச்.எல்.-இன் சிறந்த கோல்கீப்பர் விருதே வாங்கினார். இன்றைக்கும் பின்லாந்து லீக்கில் சிறந்த கோல்கீப்பருக்குக் கொடுக்கும் விருது உர்போ பெயரில்தான். உங்கள் ஊரிலும் பிளாக்குக்கு, அதாவது எதிராளி ஸ்மாஷை நெட்டில் குதித்துத் தடுப்பதற்கு, பேர்போன ஒரு பெரியவர் இருப்பார். வாரத்தில் ஒரு சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு அதை மட்டும் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

நேரம் குறிப்பதில் ஒரு கணக்கு உண்டு. நம் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலை கரை திரும்பும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு சாயங்காலம் பிராக்டிஸ் வையுங்கள். மத்தியானம் தூங்கி எழுந்து வருவார்கள். குதிக்கிற வேலையைக் குறைத்துப் பாஸ், சர்வீஸ் என்று போங்கள். ராத்திரி முழுக்க வலை இழுத்த தோள்பட்டை அது. வெள்ளிக்கிழமைதான் உடம்பு தெளிந்திருக்கும், ஸ்மாஷுக்கும் பிளாக்குக்கும் அந்த நாள். நாட்டுப்படகுப் பையன்களுக்கு நாள் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் தொடங்கி விளக்கு வைக்கும் முன் முடித்துவிடுங்கள். ஒரு அம்மாவோ பாட்டியோ ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் எண்ணிக்கை குறையாது. நெட்டை 2.24 மீட்டருக்கு இறக்க மறக்க வேண்டாம், ஆண்களுக்கு 2.43. கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், நைலான் கயிறே போதும். வலை கிழிந்தால் தைக்க ஆள் தேட வேண்டிய ஊரா இது?

காற்று ஓயட்டும் என்று காத்திருந்தால் வருடத்தில் பாதி போய்விடும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குக் கரையில் நிற்க முடியாது, வாடை என்ற வடகிழக்குக் காற்றில் வடக்குக் கரை அப்படி. அந்தக் காற்றிலேயே சர்வீஸ் பழக்குங்கள். எதிர்க்காற்றில் சுழலாமல் தட்டிவிட்ட பந்து நன்றாக ஆடும், வாங்குகிறவன் திணறுவான். பின்காற்றில் அதே சர்வீஸ் கோட்டைத் தாண்டி ஓடும், கையை அடக்க வேண்டும். ஒவ்வொரு பிராக்டிஸிலும் இரண்டு பக்கமும் மாறி நின்று அடிக்க வையுங்கள்.

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது, பெரும்பாலும் கோடையில். தடைக்காலத்துக்குள் போய்வந்துவிடலாம். அங்கேயே ஒரு வருட டிப்ளமோவும் உண்டு. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் அதற்குத் தனியாக பி.பி.எட். படிக்க வேண்டும், காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. விண்ணப்ப விவரங்களை ராமநாதபுரத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சர் கோப்பைக்கு அணியைப் பதிவு செய்வதையும் அங்கேயே விசாரித்துவிடலாம்.

கூட ஆடின சிநேகிதர்கள் ஒரு தனித் தலைவலி. "மாப்ள, நீ ஆடுறப்ப இப்படியா பாஸ் எடுத்த?" என்று பையன்கள் முன்னாலேயே கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். நோட்டைக் கையில் கொடுத்து, "இந்த செட்டுக்கு நீ எண் போடு" என்று உட்கார வையுங்கள். பத்து நிமிஷத்தில் ஒன்று எழுந்து போய்விடுவார், இல்லை உங்களுக்கு ஒரு உதவியாளர் கிடைப்பார். இரண்டுமே லாபம்தான்.

முதல் டோர்னமெண்ட் வரும். ஐஸ் ஹாக்கியில் ஒரு அணிக்கு ஒரு ஆட்டம் முழுக்க ஒரே ஒரு டைம் அவுட், 30 விநாடி. நமக்கு ஒரு செட்டுக்கே இரண்டு. அதனால்தான் கண்டபடி வீணாக்குகிறோம். எதிரணி தொடர்ந்து மூன்று பாயிண்ட் எடுத்தால் முதலாவதைக் கேளுங்கள். பாதி நேரம் தண்ணீருக்கும் மூச்சுக்கும் போகட்டும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். மீதியில் ஒரே ஒரு வாக்கியம்: "அடுத்த சர்வீஸ் அஞ்சாம் நம்பருக்கு, குட்டையா." அவ்வளவுதான். இரண்டாவதை 20 பாயிண்ட் தாண்டும்வரை தொடாதீர்கள், விழாக் கமிட்டிக்காரர் மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினாலும்.