வெளுத்த அனிமோனும் முழு வேக லைட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புநீர்த் தொட்டி வைத்த கொஞ்ச நாளிலேயே, பூப்போல விரிந்து பாறையில் ஒட்டி வாழும் கடல் உயிரான அனிமோன் மேல் ஆசை வந்துவிடுகிறது. கோமாளி மீன் இருக்கிறதே, அது புரண்டு படுக்க ஒன்று வேண்டாமா என்று வாங்கிவிடுகிறார்கள். பிறகு சில வாரங்களில் ஆலோசனை கேட்டு எனக்குப் படம் அனுப்புகிறார்கள். என் முதல் தொட்டியில் நடந்ததேதான் பெரும்பாலும் அந்தப் படங்களிலும் இருக்கிறது. உப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி இருக்க வேண்டும், புதுத் தொட்டியில் விடக் கூடாது, செம்பு கலந்த மருந்து ஊற்றவே கூடாது என்பதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் அவற்றை விட்டுவிட்டு லைட் விஷயத்துக்கு வருகிறேன்.

வெளுத்த அனிமோன் மேல் முழு வெளிச்சத்தைப் பாய்ச்சுவது

இத்தனை பேருக்குச் சொல்லியும் ஓயாத தவறு இது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பால் வெள்ளை உடம்பும், விரல்போல நீண்ட உணர்கொம்புகளின் நுனியில் மட்டும் ஊதாவுமாக, சீபே என்ற வகை அனிமோனைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். ஆனால் அந்த வெள்ளைதான் நோயின் அடையாளம். கோமாளி மீன் குடியிருக்கும் அனிமோன்களின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற ஒருசெல் பாசி வாழ்கிறது. அது ஒளிச்சேர்க்கை செய்து தன் சர்க்கரையில் பெரும்பங்கை அனிமோனுக்குக் கொடுக்கிறது. பதிலுக்கு அனிமோனின் கழிவில் உள்ள நைட்ரஜன் அதற்குக் கிடைக்கிறது. நல்ல அனிமோனில் தெரியும் அந்தப் பழுப்பு நிறம் பாசியுடையது. பிடிபட்ட நாளிலிருந்து பை, பெட்டி, இருட்டு, சூடு என்று அலைக்கழிந்தால் அனிமோன் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சம் இருப்பது சோறு போட ஆளில்லாத உடம்பு. சில சமயம் இதற்கு மஞ்சளோ இளஞ்சிவப்போ சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் உடம்பு முழுக்க ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூட அடுத்த கணக்கில் தவறுகிறார்கள். பாசி குறைந்துவிட்டது, பாசிக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே லைட்டை நூறு சதவீதத்துக்கு ஏற்று! பல நாள் பட்டினி கிடந்தவனை விருந்துப் பந்தியில் உட்கார வைப்பது போன்ற காரியம் இது. பாசி அடர்த்தியாக இருக்கும்போது ஒன்றுக்கொன்று நிழல் தந்துகொள்ளும். பத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் அத்தனை வெளிச்சமும் அதன் தலையில்தான் விழும். பயன்படுத்த முடியாத ஆற்றல் திசுவுக்குள் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அது பாசியையும் தாக்கும், அனிமோனையும் தாக்கும். மிஞ்சியிருந்ததும் வெளியே போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தொட்டியை அப்பழுக்கில்லாமல் வைத்திருந்தார். வெள்ளை சீபே வந்த அன்றே புது எல்இடியை முழு வேகத்தில், பகல் முழுக்க எரியவிட்டார். சில நாளில் விரல்கள் குட்டையாகிச் சுருண்டன. இறுக மூடியிருக்க வேண்டிய வாய் தளர்ந்து, உள்திசு உதடுபோல் பிதுங்கி நின்றது. பாதம் கல்லை விட்டுவிட்டது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து லைட்டை இன்னும் கீழே இறக்கினார். என்னைக் கூப்பிட்டபோது அனிமோன் கையில் எடுத்தால் கரையும் நிலையில் இருந்தது. அது அழுகியதில் இரண்டு மீன்களும் போய்விட்டன.

வெளுத்த அனிமோன் வந்துவிட்டால் அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் வெளிச்சம் மங்கலாகவே இருக்கட்டும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் மீட்டரில் 50 முதல் 80 வரை போதும், நான் அதற்கு மேல் தொடங்க மாட்டேன். பாசி திரும்பப் பெருகும் வரை அதற்குச் சோறு நாம்தான் போட வேண்டும். உப்பு, மசாலா எதுவும் படாத பச்சை இறாலை நகக்கண் அளவுக்கு நறுக்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை விரல்கள் மேல் வையுங்கள். பெரிய துண்டு வைத்தால் விழுங்கிவிட்டு, மறுநாள் சளியோடு துப்பிவிடும். தேறத் தொடங்கினால் முதலில் விரல்களின் அடியில், தேநீர் பட்டதுபோல ஒரு மெல்லிய சாயல் தெரியும். நிறம் ஏற ஏறத்தான் லைட்டையும் ஏற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

நல்ல ஆரோக்கியமான அனிமோனும் பழைய லைட்டை எடுத்துவிட்டுப் புது லைட் மாட்டிய வாரத்திலேயே வெளுப்பது உண்டு. காரணம் இதுவேதான். புது லைட்டைப் பாதி வெளிச்சத்துக்கும் குறைவாக வைத்துத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள்.

கண்ணால் வெளிச்சத்தை அளப்பது

மனிதக் கண் பச்சைக்குத்தான், அதாவது 555 நானோமீட்டர் பக்கத்தில்தான், மிகக் கூர்மையானது. பாசி விரும்புவது 400 முதல் 500 வரையிலான நீலம். அதனால் நமக்கு மங்கலாகத் தெரியும் நீல எல்இடி அனிமோனைச் சுட்டுக்கொண்டிருக்கலாம். பளிச்சென்று தெரியும் மஞ்சள் வெள்ளை லைட் அதற்குப் போதாமலும் இருக்கலாம். வாட் கணக்கும் உதவாது, அது இழுக்கும் மின்சாரத்தைத்தான் சொல்கிறது. போனில் உள்ள லக்ஸ் செயலியும் நம் கண்ணுக்கேற்ற அளவுகோல்தான், நீலத்தைக் குறைத்துக் காட்டும். ஒரு நாளைக்காவது பார் மீட்டரை இரவல் வாங்குங்கள். நீர்மட்டத்தில் பிடித்துப் பார்த்துப் பயனில்லை, அனிமோனின் விரல்கள் இருக்கும் உயரத்தில் அளவெடுங்கள். பபிள் டிப் வகை அனிமோன் 100 முதல் 250 வரை இருந்தால் நன்றாக வாழும். ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிகா என்ற வகைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

எல்லா அனிமோனுக்கும் ஒரே கணக்குப் போடுவது

பாசியே இல்லாத அனிமோன்களும் உண்டு. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் 1828-இல் ஜான் டேலியெல் எடுத்து வந்த ஆக்டினியா எக்வினா என்ற பாசியில்லாத இன அனிமோன் ஒன்று, கைமாறிக் கைமாறி 1887 வரை கண்ணாடி ஜாடியில் உயிரோடு இருந்தது. அதற்குப் ‘பாட்டி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதை வாழவைத்தவை தவறாமல் மாற்றிய கடல்நீரும் இரையும், விளக்கு அல்ல. வாங்குமுன் இனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரவு பகலாக எரியவிடுவது

வேண்டாம். 8 முதல் 10 மணி நேரம் போதும், டைமர் மாட்டிவிடுங்கள்.

உப்புப் படிந்த கண்ணாடி மூடி

வாரம் ஒருமுறை துடையுங்கள். மாதக்கணக்கில் படிந்ததை ஒரே நாளில் துடைத்தால் அதுவும் புது லைட் மாட்டியதுபோலத்தான்.

நகர்ந்ததைப் பிடுங்கிப் பழைய இடத்தில் வைப்பது

அனிமோன் தனக்கு ஏற்ற வெளிச்சத்தையும் நீரோட்டத்தையும் தேடித்தான் நகர்கிறது. பிடுங்கினால் பாதம் கிழியும், கிழிந்த பாதம் அழுகும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அனிமோன் வருவதற்கு முன்பே நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டின் வாய்க்கு வலை மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஏதோ ஓர் இரவில் அதற்குள் போய் அரைபட்டுவிடும்.

சுருங்கியதும் பதறி லைட்டை மாற்றுவது

கழிவை வெளியேற்ற அது தானாகவே சுருங்கும். பழுப்பு நூல்போல ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் லைட் வந்ததும் விரிகிறதா என்று பாருங்கள். விரிந்தால் எதையும் தொடாதீர்கள். வாய் பிளந்தே கிடந்து, தொட்டால் ஒட்டாமல், நாற்றமும் அடித்தால் காத்திருக்க வேண்டாம். உடனே வெளியே எடுத்துவிட்டு, தொட்டி நீரில் கணிசமான பங்கை மாற்றி, நீரைச் சுத்தமாக்கும் புது கார்பன் போடுங்கள்.